மல்லி கருகியது தெரியாத மூக்கும் 240 மில்லி புட்டியும்

முதலில் பொருளைச் சொல்லிவிடுகிறேன். மருந்துக்கடையில் விற்கும் மூக்கு கழுவும் புட்டி. அமுக்கினால் அமுங்கும் பிளாஸ்டிக், 240 மில்லி தண்ணீர் பிடிக்கும், மூடியின் நுனியில் ஓட்டை, மூடியிலிருந்து அடிவரை இறங்கும் மெல்லிய குழாய். கூடவே ஒரு பெட்டி உப்புப் பொட்டலம். இரண்டு மூன்று கம்பெனி போடுகிறது, நான் பயன்படுத்தியவரை எல்லாம் ஏறக்குறைய ஒன்றுதான், அதனால் பெயர் எழுதவில்லை. மூன்று வருஷமாகத் தினம் ஒரு தடவையாவது கழுவுகிறேன். வாங்கலாமா என்று கேட்டால், வாங்குங்கள் என்றுதான் சொல்வேன். அதிலும் மாதவிடாய் நின்ற பிறகோ, கர்ப்பப்பை ஆபரேஷனுக்குப் பிறகோ, ஹார்மோன் மருந்து எடுக்கும்போதோ மூக்கு தொல்லை கொடுக்கும் பெண்கள் கட்டாயம் படிக்கட்டும் என்றுதான் உட்கார்ந்து எழுதுகிறேன். மூக்குக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டு என்று தெரியாமல் எனக்கு ஒன்றரை வருஷம் போனது.

மலேசியாவில் சுங்கை சிப்புட்டில் கறித்தூள் அரைத்து விற்கிறேன். வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை, அதில் ஒரு மில், இரண்டு பெரிய இரும்புச் சட்டி. தீபாவளிக்கு முந்தைய மாதம் சுற்றுத் தோட்டங்களிலிருந்து ஆட்கள் மிளகாயும் மல்லியும் தாங்களே காயவைத்துக் கொண்டுவந்து அரைத்துப் போவார்கள். மற்ற நாளில் நானே வறுத்து அரைத்துப் பையில் கட்டி விற்பேன். இந்த வேலைக்கு மூக்குதான் கடிகாரம். மல்லி சட்டியில் விழுந்ததும் பச்சை வாசம் வரும். கொஞ்ச நேரத்தில் எலுமிச்சைத் தோலைக் கிள்ளினாற்போல் ஒரு வாசம் எழும்பும். அது அடங்கி, வறுத்த கடலை வாசமாகத் திரும்பும் நேரத்தில் அடுப்பை அணைக்க வேண்டும். அரை நிமிஷம் பிந்தினால் தூள் கசக்கும். என் மாமியார் எனக்குச் சொல்லித் தந்தது இவ்வளவுதான், கண்ணால் பார்த்து வறுக்காதே, மூக்கால் வறு என்று.

44 வயதில் எனக்குக் கர்ப்பப்பையையும் இரண்டு சினைப்பைகளையும் எடுத்தார்கள். கட்டி, ஓயாத ரத்தப்போக்கு. ஆபரேஷன் நல்லபடி முடிந்தது, அதில் ஒரு குறையும் இல்லை. சினைப்பையை எடுத்துவிட்டால் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் ஒரே நாளில் விழுந்துவிடும். மற்ற பெண்களுக்கு ஐம்பதை ஒட்டிக் கொஞ்சம் கொஞ்சமாக நடப்பது எனக்கு ஒரே வாரத்தில் நடந்தது. உடம்பு திடீரென்று கொதிப்பதையும் நடு இரவில் வேர்ப்பதையும் எதிர்பார்த்தேன். மூக்கை எதிர்பார்க்கவில்லை.

ஏழெட்டு மாதத்தில் தொடங்கியது. காலையில் எழுந்தால் இரண்டு பக்கமும் அடைத்தது போல் இருக்கும், சிந்தினால் சளி வராது. பொருக்குதான் வரும். ரப்பர் மரத்தில் கட்டிய மங்குக் கிண்ணத்தின் ஓரத்தில் கித்தா பால் காய்ந்து ஒட்டியிருக்குமே, பிய்த்தால் தோல் மாதிரி உரிந்து வருமே, அப்படி. அடிப்பக்கம் ரத்தம் ஒட்டியிருக்கும். மில் ஓட்டும் நாளில் மிளகாய்த் தூள் பட்டால் உள்ளே தீ வைத்தது போல் எரியும். மாதம் போகப் போக வாசம் குறைந்தது. ஒரு புதன்கிழமை நாலு கிலோ மல்லி சட்டியிலேயே கருகியது. நான் பக்கத்தில் நின்று கிளறிக்கொண்டுதான் இருந்தேன். வீட்டுக்குள் இருந்த மகள் "மா, கருகுது மா!" என்று ஓடி வந்த பிறகுதான் சட்டியைப் பார்த்தேன். அவளுக்கு அடுப்படிவரை வந்த நாற்றம், சட்டிக்கு ஒரு முழம் மேலே இருந்த எனக்கு வரவில்லை. அன்றைக்கு மில்லை மூடிவிட்டுப் படுத்துக்கொண்டேன்.

எங்கள் அம்மாவுக்கு அப்போது எழுபது நெருங்கிக்கொண்டிருந்தது. முப்பது வருஷம் தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டியவர். "சூடு ஏறிக்கிச்சு, நல்லெண்ணெய் ரெண்டு சொட்டு விடு" என்றார். விட்டேன். இதமாகத்தான் இருந்தது. ஆனால் எண்ணெயைத் தினம் மூக்கில் விட்டால் அது கொஞ்சம் கொஞ்சமாக நுரையீரலுக்கு இறங்கி அங்கே ஒருவித நிமோனியாவை உண்டாக்கக்கூடும் என்று பிறகு டாக்டர் சொன்னார், நிறுத்திவிட்டேன். கோடாலித் தைலம் முகர்ந்தால் ஒரு நிமிஷம் திறந்தது போல் இருக்கும், அவ்வளவுதான்.

ஒரு தனியார் கிளினிக்கில் காட்டினேன். பெயர் வேண்டாம். மசாலா அரைக்கும் வேலை என்றதும் "அலர்ஜி" என்று மஞ்சள் நிறச் சின்ன மாத்திரை கொடுத்தார்கள். அந்த மாத்திரை ஒழுகும் மூக்கைக் காயவைக்கும் வகை. என் மூக்கோ ஏற்கெனவே காய்ந்துபோன மூக்கு. இரண்டு வாரத்தில் பொருக்கு இரட்டிப்பானது. மறுபடி போய் அடைப்பு என்று சொன்னதற்கு அடைப்பு திறக்கும் ஸ்ப்ரே கொடுத்தார்கள். அடித்த உடனே திறந்தது, எனக்கு உயிர் வந்தது போல் இருந்தது. அதனால் நிறுத்தவில்லை. தீர்ந்ததும் கடையில் நானே வாங்கி அடித்தேன்.

மூன்றாவது புட்டி ஸ்ப்ரே வாங்கப் போன இடத்தில்தான் திருப்பம். வழக்கமான கடை பூட்டியிருந்ததால் பஸ் நிலையத்துக்குக் கிட்டே இருக்கும் இன்னொரு மருந்துக்கடைக்குப் போனேன். மருந்தாளர் நம் பிள்ளைதான், முப்பது வயது இருக்காது. ஸ்ப்ரேயை எடுத்தவர் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டார்.

"ஆன்ட்டி, இதை எத்தனை நாளா அடிக்கிறீங்க?"

"மூணு வாரம் இருக்கும்மா."

"இது மிஞ்சிப்போனா அஞ்சு நாள்தான் ஆன்ட்டி. அதுக்கு மேல அடிச்சா மருந்தே அடைப்பை உண்டாக்கும். சளி வருதா?"

"சளி இல்லைம்மா. பொருக்கு. காலையில ரத்தத்தோட."

பின்னால் இரண்டு ஆண்கள் வரிசையில் நின்றார்கள். அந்தப் பிள்ளை மேசையின் ஓரத்துக்கு வந்து, என்னையும் அங்கே வரச்சொல்லி, குரலைத் தாழ்த்தி, "மாதவிடாய் நின்னுருச்சா ஆன்ட்டி? ஆபரேஷன் ஏதாவது?" என்று கேட்டார். ஒன்றரை வருஷத்தில் ஒருவரும் கேட்காத கேள்வி. நானும் யாரிடமும் சொன்னதில்லை, மூக்குக்குப் போன இடத்தில் கர்ப்பப்பைக் கதையை யார் சொல்வார்கள்? சொன்னேன். அவர் ஸ்ப்ரேயை அலமாரியில் திரும்ப வைத்துவிட்டு இந்தப் புட்டியை எடுத்துக் கொடுத்தார். "இது கழுவ மட்டும்தான். காரணத்தைப் பார்க்கணும். கிளினிக் கெசிஹாத்தான்ல கடிதம் வாங்கிட்டு ஈப்போவுக்குப் போங்க" என்றார். விற்க வேண்டிய மருந்தை விற்காமல் அனுப்பிய அந்தக் கடைக்கு அஞ்சுக்கு அஞ்சு நட்சத்திரம். இன்றுவரை வீட்டு மருந்தெல்லாம் அங்கேதான் வாங்குகிறேன்.

கிளினிக் கெசிஹாத்தான் என்ற அரசாங்கக் கிளினிக்கில் ஒரு வெள்ளி (ரிங்கிட்), ஈப்போ பெரியாஸ்பத்திரியில் நிபுணரைப் பார்க்க 5 வெள்ளி. காத்திருந்தது நீளம், செலவு இவ்வளவே. காது மூக்கு தொண்டை டாக்டர் குழாய்க் கேமராவை விட்டுப் பார்த்துவிட்டு ஒரு சோதனை செய்தார். அதைக் கொஞ்சம் விவரமாக எழுத வேண்டும், ஏனென்றால் என் மூக்குக்கு என்ன ஆனது என்று எனக்குப் புரிந்தது அங்கேதான்.

கடுகில் பாதி இருக்கும், சாக்கரின் என்ற செயற்கை இனிப்பின் ஒரு துணுக்கு. அதை இடுக்கியால் மூக்குக்குள் கொஞ்சம் உள்ளே தள்ளி வைத்தார். "தலையைக் கொஞ்சம் முன்னால சாய்ச்சு உட்காருங்கம்மா. உறிஞ்ச வேண்டாம், சிந்த வேண்டாம். நாக்குல இனிப்பு தெரிஞ்சதும் கையைத் தூக்குங்க." சுவரில் கடிகாரம். மூக்கின் உட்சுவர் முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிழைகள் இருக்கின்றனவாம். லாலான் காட்டில் காற்று அடித்தால் புல்லெல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து நிமிருமே, அதுபோல் அவை ஒரே திசையில் ஆடி, மேலே படரும் சளிப் படலத்தையும் அதில் ஒட்டும் தூசியையும் தொண்டைக்குத் தள்ளும். சாக்கரினும் அதில் ஏறித்தான் தொண்டைக்கு வர வேண்டும். நல்ல மூக்கில் 20 நிமிஷத்துக்குள் இனிக்கும். எனக்கு முன்னால் உட்கார்ந்த ஒரு சீனப் பையன் பத்து நிமிஷத்தில் கையைத் தூக்கிவிட்டான். நான் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். 20 போனது, 30 போனது. நர்ஸ் இரண்டு முறை வந்து "இன்னும் இல்லையா?" என்றார். 38ஆம் நிமிஷம் லேசாக இனித்தது. மிளகாய்த் தூளும் மல்லித் தூளும் நாள் முழுக்க விழும் மூக்கில், துடைப்பம் கையோடு நின்றுபோயிருக்கிறது. அதனால்தான் பொருக்கு.

மூக்குத் தோலிலும் ஈஸ்ட்ரோஜனுக்கு ஏற்பிகள், அதாவது அது வந்து பற்றிக்கொள்ளும் இடங்கள், உண்டு என்றார் டாக்டர். அந்த ஹார்மோன் இருக்கும்வரை தோல் தடிப்பாக, ஈரமாக, ரத்த ஓட்டத்தோடு இருக்கும். குறைந்தால் மெலியும், காயும், கீறும். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு இந்தச் சாக்கரின் நேரம் நீள்வதையும், ஹார்மோன் கொடுத்தால் குறைவதையும் ஆராய்ந்து எழுதியிருக்கிறார்களாம். பரம்பரையாக ரத்தக்குழாய் பலவீனமாகி மூக்கில் ரத்தம் கொட்டும் ஒரு நோய்க்கு 1950களிலிருந்தே ஈஸ்ட்ரோஜனை மருந்தாகக் கொடுத்திருக்கிறார்கள் என்றும் சொன்னார். எனக்கு அம்மா ஞாபகம் வந்தது. ஐம்பது வயதில் விடியற்காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு நிற்கும்போதே அவருக்கு மூக்கில் ரத்தம் வரும். முந்தானையால் அழுத்திக்கொண்டு பால் வெட்டும் மர நிரைக்குப் போவார். தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிரஸரிடம் போனால் "வெயில்" என்பார், லயத்து வீடுகளில் "சூடு" என்பார்கள். அந்த வயதுப் பெண்கள் எத்தனை பேர் அப்படிப் போனார்களோ.

ஆபரேஷன் சமயத்திலேயே ஹார்மோன் மாத்திரை வேண்டுமா என்று கேட்டார்கள், நான்தான் புற்றுநோய் வரும் என்று பயந்து மறுத்திருந்தேன். இந்தத் தடவை பெண்கள் நல டாக்டர் பொறுமையாக விளக்கினார். அந்தப் பயம் பரவியது 2002இல் அமெரிக்காவில் ஒரு பெரிய ஆராய்ச்சியின் ஒரு பிரிவை நடுவில் நிறுத்தியபோது. அது ஈஸ்ட்ரோஜனும், இன்னொரு பெண் ஹார்மோனான புரோஜெஸ்டிரோன் வகை மருந்தும் சேர்த்துக் கொடுத்த பிரிவு, அந்தப் பெண்களின் சராசரி வயது 63. மார்பகப் புற்று கூடியது அதில்தான். கர்ப்பப்பை எடுத்த பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜன் மட்டும் கொடுத்த பிரிவை 2004இல் நிறுத்தினார்கள், பக்கவாதம் கூடியதால். மார்பகப் புற்று அதில் கூடவில்லை. கர்ப்பப்பை இருப்பவர்களுக்கு இரண்டும் சேர்த்துத்தான் தர வேண்டும், இல்லையென்றால் கர்ப்பப்பையின் உட்படலத்தில் புற்று வரும் ஆபத்து உண்டு. எனக்குக் கர்ப்பப்பை இல்லை, வயதும் 46தான். இயல்பாக நிற்கும் வயதுவரை எலும்புக்கும் இருதயத்துக்குமே இது தேவை என்றார். மூக்குக்காக மட்டும் யாரும் ஹார்மோன் எழுதித் தரமாட்டார்கள், அதையும் தெளிவாகச் சொன்னார். சரி என்று ஒப்புக்கொண்டேன்.

மூன்று மாதத்தில் பொருக்கு பாதியானது. ஆறாவது மாதம் மறுபடி சாக்கரின் வைத்தார்கள், 17 நிமிஷம். எலுமிச்சைத் தோல் வாசம் அதற்கு முன்பே ஒரு நாள் சட்டியிலிருந்து எழும்பிவிட்டது. நான் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு மகளைக் கூப்பிட்டு "உனக்கும் வருதா?" என்று கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டேன்.

இத்தோடு கதை முடிந்திருந்தால் புட்டியைத் தொடர்ந்து எடுக்கத் தேவைப்பட்டிருக்காது. நாலாவது மாதத்திலிருந்தே ராத்திரி மூக்கு வேறு மாதிரி அடைத்தது. பொருக்கு இல்லை, ரத்தம் இல்லை. படுத்தால் கீழ்ப்பக்க மூக்கு கும்மென்று வீங்கி மூடிக்கொள்ளும், புரண்டால் அந்தப் பக்கம் மூடும். வாயால் மூச்சு விட்டுக் காலையில் தொண்டை வறண்டிருக்கும். எனக்கு இந்த அடைப்பு பழக்கமானது என்று தோன்றிக்கொண்டே இருந்தது. பிறகு பிடிபட்டது. இரண்டாவது பிள்ளையை வயிற்றில் சுமந்தபோது கடைசி மூன்று மாதமும் இதே அடைப்புதான். மாமியார் நொச்சித் தழை போட்டு ஆவி பிடிக்க வைப்பார். பிள்ளை பிறந்து பத்து நாளில் தானாகப் போனது. ஈப்போ டாக்டரிடம் சொன்னேன். அதேதான் என்றார். கர்ப்பிணிகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குச் சளியும் காய்ச்சலும் இல்லாமலே இப்படி அடைக்கும், பிரசவமாகி இரண்டு வாரத்துக்குள் சரியாகும். ஹார்மோன் ஏறும்போது மூக்கின் உள்ளே ரத்தக்குழாய்கள் விரிந்து தோல் ஊதிக்கொள்ளும். மாத்திரைப் பெட்டியில் மடித்து வைத்திருக்கும் தாளை மகளை வாசிக்கச் சொன்னேன். பக்கவிளைவுகளில் மூக்கழற்சி, சைனஸ் இரண்டும் இருந்தன. நான் அதுவரை பிரித்துப் பார்த்ததே இல்லை.

ஆகவே கேளுங்கள், ஹார்மோன் குறைந்தாலும் மூக்கு பேசும், கூடினாலும் பேசும். அடைப்பு வந்துவிட்டதே என்று நான் ஒரு வாரம் மாத்திரையை நானாகவே நிறுத்தினேன். மூன்றாம் நாள் உடம்பு கொதித்தது, தூக்கம் போனது. டாக்டர் கண்டித்தார். அளவைக் குறைத்து, மாத்திரைக்குப் பதில் தோலில் தடவும் ஜெல்லாக மாற்றினார். மாத்திரையைவிட ஜெல்லில் ரத்தம் உறையும் ஆபத்தும் குறைவு. ஒரு காலத்தில் ஐரோப்பாவில் மூக்கில் அடிக்கும் ஈஸ்ட்ரோஜன் ஸ்ப்ரேகூட விற்றார்களாம், இப்போது இல்லை. மீதி அடைப்புக்கு அவரும் சொன்னது மருந்துக்கடைப் பிள்ளை சொன்னதையேதான்: உப்புத் தண்ணீரால் கழுவுங்கள்.

இனி புட்டி. பெட்டியைத் திறந்ததும் யோகா வகுப்புக்குப் போகும் என் அண்ணி "அட, ஜலநேதிதானே இது!" என்றார். ஆமாம், யோகாவில் கெண்டியால் மூக்கு கழுவுவார்களே அதேதான், கெண்டிக்குப் பதில் அமுக்கும் புட்டி. கெண்டியில் தண்ணீர் தன் எடையால் மட்டும் ஓடும், புட்டியில் எவ்வளவு வேகம் என்பது நம் கையில். காய்ந்து ஒட்டிய பொருக்கை நகர்த்த அந்த வேகம் வேண்டும். கடையில் சின்ன உப்புத்தண்ணீர் ஸ்ப்ரேயும் உண்டு. மில் ஓட்டும்போது நடுவில் இரண்டு அடி அடிக்க அது நல்லது, பொருக்குக்குப் போதாது.

தண்ணீர் விஷயத்தில் கறாராக இருங்கள். குழாய்த் தண்ணீரை நேராக ஊற்றவே கூடாது. குடித்தால் வயிற்று அமிலம் கொன்றுவிடும் கிருமி மூக்கு வழியாகப் போனால் மூளையை எட்டும். 2011இல் அமெரிக்காவின் லூசியானாவில் குழாய்த் தண்ணீரில் மூக்கு கழுவிய இரண்டு பேர் அமீபா தாக்கி இறந்தார்கள். அரிதுதான், ஆனால் வந்தால் பிழைப்பது கடினம். நான் ராத்திரி சமையல் முடிந்ததும் ஒரு கெட்டில் தண்ணீரை அஞ்சு நிமிஷம் நன்றாகக் கொதிக்கவிட்டு, மூடிபோட்ட எவர்சில்வர் சொம்பில் ஊற்றி வைத்துவிடுவேன். காலையில் அதில் கொஞ்சம் மட்டும் சூடுபண்ணிக் கலந்தால் குழந்தையைக் குளிப்பாட்டும் பதம் வரும். அந்தப் பதம்தான் சரி. ஆறிப்போன தண்ணீர் நெற்றிப்பொட்டில் சுள்ளென்று பிடிக்கும்.

பொட்டலத்தில் இருப்பது உப்பும் சோடா உப்பும். முழுப் பொட்டலத்தையும் போடுங்கள். மிச்சம்பிடிக்க நினைத்து நான் ஒரு நாள் பாதி போட்டேன், குளத்தில் முங்கியபோது மூக்கில் தண்ணீர் ஏறுமே, அதே எரிச்சல். முழுதாய்ப் போட்டால் எரியவே எரியாது. பொட்டலம் தீர்ந்தால் வீட்டிலும் கலக்கலாம்: அயோடின் சேராத உப்பு மூன்று தேக்கரண்டி, ஆப்பசோடா ஒரு தேக்கரண்டி, இரண்டையும் கலந்து ஈரமில்லாத டப்பாவில் வைத்து, ஒரு புட்டிக்கு அதில் ஒரு தேக்கரண்டி. ஆனால் பொட்டலம் போல் ஒரே அளவில் வராது.

கழுவும் தொட்டிமேல் குனிந்து, வாயைத் திறந்து, வாயால் மூச்சு விட்டபடி மெதுவாக அமுக்க வேண்டும். இந்த மூக்கில் விட்டது அந்த மூக்கில் கொட்டும். பாதிப் புட்டி ஒரு பக்கம், பாதி மறுபக்கம். அமுக்கும்போது விழுங்காதீர்கள், காதுக்குள் அடைத்துக்கொள்ளும். மூக்கு முழுக்க மூடியிருக்கும் நேரத்தில் பலமாக அமுக்குவதும் வேண்டாம். முதல் நாள் எனக்கு வந்ததைப் பார்த்து மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள், விரல் நீளத்துக்கு ஒரு பொருக்கு, மஞ்சளும் மிளகாயும் ஒட்டி ஆரஞ்சு நிறத்தில். அது வெளியே வந்த பிறகு உள்ளே போன காற்று குளிர்ந்து போனது. அப்படி ஒரு மூச்சை இரண்டு வருஷமாக நான் விட்டதில்லை.

குறைகளும் உண்டு. கழுவி முக்கால் மணி நேரம் கழித்துக் குனிந்தால் உள்ளே தேங்கிய தண்ணீர் சரசரவென்று கொட்டும். ஒரு நாள் வாடிக்கையாளரின் பையைக் கட்டக் குனிந்து தூளில் விழுந்துவிட்டது, அந்தப் பை முழுதையும் கொட்டிவிட்டு வேறு கட்டிக் கொடுத்தேன். அதிலிருந்து கழுவியதும் தலையைக் குனிந்து இரண்டு பக்கமும் சாய்த்து வடியவிட்டு, ஒரு மணி நேரம் கழித்துத்தான் கொட்டகைக்குப் போகிறேன். அடுத்தது அந்த உட்குழாய். நம் ஊர் ஈரக் காற்றில் அது காயவே காயாது. ஒவ்வொரு முறையும் கழற்றி, கழுவி, உதறி, மூடியைத் தனியாக வைத்துக் காயவையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை புட்டியை மாற்றச் சொல்கிறார்கள், நான் அடியில் மார்க்கரால் தேதி எழுதி வைக்கிறேன். அப்புறம் பொட்டலச் செலவு. புட்டியோடு வந்த முதல் பெட்டி வாங்கும்போது 50 வெள்ளி நோட்டுக்கு மிச்சம் வந்தது. புகைமூட்டம் வரும் மாதங்களில் இரண்டு வேளை கழுவினால் பொட்டலம் பறந்துவிடும்.

ரத்தம் வந்துகொண்டிருக்கும்போது கழுவாதீர்கள். தலையை முன்னால் சாய்த்து, மூக்கின் மெத்தென்ற பாகத்தை இரண்டு விரலால் பத்துப் பதினைந்து நிமிஷம் விடாமல் பிடியுங்கள். அண்ணாந்தால் ரத்தம் தொண்டைக்குள் போகும். அதற்கும் நிற்காவிட்டால் ஆஸ்பத்திரிதான்.

மகளுக்கு மாதவிடாய் வலிக்குக் கருத்தடை மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். "எனக்கும் மூக்கு அடைக்குமா மா?" என்று பயந்தாள். 1960இல் வந்த முதல் மாத்திரையில் ஈஸ்ட்ரோஜன் வகை 150 மைக்ரோகிராம், அந்தக் காலத்தில் மூக்கடைப்பு என்று சொன்னவர்கள் இருந்தார்கள். இப்போதைய மாத்திரைகளில் பெரும்பாலும் 20 முதல் 35. இந்தக் குறைந்த அளவில் மூக்கைச் சோதித்துப் பார்த்தபோது பெரிய மாற்றம் தெரியவில்லை என்று டாக்டர் சொன்னார். அவளுக்கு இதுவரை ஒன்றும் இல்லை. ஆஸ்துமா உள்ள என் அண்ணிக்கு வேறு யோசனை சொன்னார். 1976 முதல் அமெரிக்க நர்ஸ்களைத் தொடர்ந்து கவனித்துவரும் ஆராய்ச்சியில், மாதவிடாய் நின்ற பிறகு ஹார்மோன் எடுத்தவர்களிடம் புதிதாக ஆஸ்துமா வந்தது அதிகமாக இருந்திருக்கிறது. ஆகவே இழுப்பு உள்ளவர்கள் ஹார்மோன் தொடங்கும் முன் அதை டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அண்ணியும் அப்படிச் சொன்னார், அவருக்கு ஹார்மோனை இப்போதைக்குத் தள்ளி வைத்திருக்கிறார்கள்.

அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது, ஹார்மோன் தொடங்கும் வயதில்லை. ஆனால் அவருக்கும் இன்னும் பொருக்கு உண்டு, ரத்தக் கீறல் உண்டு. போன வருஷம் நல்லெண்ணெய்ப் புட்டியை எடுத்து வைத்துவிட்டு அவருக்கும் ஒன்று வாங்கினேன். முதல் வாரம் "மூக்குல தண்ணி விட்டு யாராச்சும் கழுவுவாங்களா" என்று மாட்டேன் என்றார். நான் பக்கத்தில் நின்று ஒரு பக்கம் மட்டும் மெதுவாக அமுக்கிக் காட்டினேன். இப்போது காலை ஆறு மணிக்கு எனக்கு முன்னால் அவர்தான் தொட்டியில் நிற்கிறார். அவர் புட்டியில் பச்சை நாடா கட்டியிருக்கிறேன், என்னுடையதில் சிவப்பு. ஒருவர் புட்டியை இன்னொருவர் எடுக்கக்கூடாது.